பந்தல்காலுக்குப் பதறியவர்கள் அமுதவல்லி அம்மையாருக்கு அளிக்கும் மடல்

பாறையின் நாடி பார்த்தே பணிக்காலம் முழுவதையும் கழித்த பண்பாளரே! தொலைவில் துடித்த நிலத்தின் துயரை, தொலைபேசியில் துடித்த தாய்மார்க்குத் தன்மையாய் எடுத்துரைத்த தகைமையாளரே! எங்கள் நில அதிர்வு நிலையத்தின் பொறுப்பாளர் அமுதவல்லி அம்மையாரே, வணக்கம்.

தங்கள் கல்வியும் கடமை உணர்வும் இம்மடலில் முதலில் வந்திருக்க வேண்டும். உதவியாளர் திருமுருகன் அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தார். நேற்று அவர் செய்த காரியத்தில் அந்த வரிசை குலைந்துபோயிற்று.

தங்கள் பணிநிறைவு விழாவுக்குப் பந்தல் போட ஆள் கூட்டி வந்தவர், நிழல் நன்றாக விழுகிறதே என்று, கருவி புதைத்த குழிக்குப் பக்கத்திலேயே கால் நட இடம் காட்டினார். காட்டிவிட்டு உள்ளே வந்து திரையைப் பார்த்தார். கோடு குதித்தது. கந்தர்வக்கோட்டைக்கு வங்கி வேலையாகப் போயிருந்த தங்களுக்கு உடனே போன் போட்டார்.

“மேடம், இங்கிட்டே கெளம்பிருச்சு. நம்ம மாவட்டத்துலயே.”

“இப்பவும் ஆடுதா?”

“நின்னுருச்சு மேடம்.”

“வெளிய எட்டிப் பாருங்க. பந்தக்காரவுக டீ குடிக்கிறாகளா?”

குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“பூகம்பம் டீ குடிக்கப் போகாது, முருகன். அங்கிட்டுத் தள்ளி நடச் சொல்லுங்க.”

அதற்குள் அந்தக் கடப்பாரைக் குத்து, தேசிய நில அதிர்வு வலையமைப்பின் மையத்துக்கு நேரலையில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து விசாரணையும் வந்துவிட்டது. பந்தல்தான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். இடம் காட்டியவர் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் குழிக்குள் ஈரம் ஏறாமலும், மின்தடையில் பதிவு அறுபடாமலும் காத்த தங்கள் கைகளை வணங்குகிறோம். அதைவிட, அந்தக் கைகள் எடுத்த போனை வணங்குகிறோம். ஆலங்குடி ராசாத்தி அம்மாளின் மகனுக்கு அந்தமானில் சாலை வேலை. அந்தப் பக்கம் நிலம் அசைந்த சேதி வந்தால், ‘பூகம்ப மேடம்’ என்று அவர் பதிந்து வைத்திருக்கும் தங்கள் எண்தான் முதலில் அடிக்கும்.

“எம் மவன் இருக்குற ஊருங்களா?”

மற்ற நிலையங்களின் பதிவுகளும் சேர்ந்து இடம் உறுதியாகும்வரை தாங்கள் வாய் திறந்ததில்லை.

“ரொம்பத் தள்ளிக் கடலுக்குள்ள, ஆத்தா. ஆனா நல்லாருக்கேன்னு அவந்தான் சொல்லணும். பக்கத்து வீட்டுப் போன்ல அவனக் கூப்புடுங்க. இதுல நான் இருக்கேன், வைக்காதீக.”

மகன் குரல் அங்கே கேட்டபிறகுதான் இங்கே போனை வைப்பீர்கள். அவ்வளவு நேரமும் கருவியைக் கண்ணிமைபோல் காத்தவர் திருமுருகன். ஒருமுறை தவறான வயரைப் பிடுங்கியது நீங்கலாக.

இன்று விடைகொடுக்கிறோம். மனமில்லாமல்தான் கொடுக்கிறோம். தங்கள் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. பதிவுகள் தாமாகவே மையத்துக்குப் போய்விடுவதால் இங்கே ஒருவர் போதுமாம். அந்த ஒருவர் யாரென்று நினைத்தால் பாறையே ஒருமுறை அதிரும். ‘நான் ஒத்தையாளாச் சமாளிப்பேனா மேடம்?’ என்று திருமுருகன் கேட்டபோதெல்லாம், ‘பேட்டரி பாத்தாச்சா?’ என்பதே தங்கள் மறுமொழியாக இருந்தது.

நோயின்றி, நொடியின்றி, தொலைவில் எங்கு எது அசைந்தாலும் தங்கள் தூக்கம் அசையாமல், சுற்றமும் நட்பும் சூழ நீடு வாழ்க என்று வாழ்த்தி இம்மடலை முடித்திருக்கலாம். ஆனால் நேற்று மாலை, தோண்டிய குழிகளை மண் போட்டு மூடிக்கொண்டே திருமுருகன் மறுபடியும் கேட்டார். இம்முறை தாங்கள் பேட்டரியைக் கேட்கவில்லை.

“முடியாது, முருகன். ஒங்களால மட்டுமில்ல, ஒத்தையா என்னாலயும் முடிஞ்சிருக்காது. இது ரெண்டு பேரு வேல. கருவிப் பெட்டிய நீங்க பாத்துக்கங்க. போன் எங்கிட்டயே இருக்கட்டும், நம்பர மாத்தல. எந்த ஊருன்னு உறுதியானதும் மொதல்ல எனக்குச் சொல்லுங்க.”

தங்கள் எண்ணை மனப்பாடமாய் வைத்திருக்கும்,
நிலையப் பணியாளர்கள் (இனி திருமுருகன் மட்டும்)