இன்னும் யோசிக்கிறேன் என்று சொன்ன வாக்காளன்

ஊர்காவற்றுறையின் உப்புக்காற்றை உண்டு வளர்ந்து, ஊரெல்லாம் எழுத்தறிவித்து, இன்று நமது வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் ஆசிரியப் பெருந்தகை கதிர்காமு அவர்களே! கடலோடு மல்லாடிக் கரையேறி, வலையைக் காயப்போட்ட கையோடு வந்து அமர்ந்திருக்கும் என் அருமைத் தோழர்களே! சரவணையிலிருந்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து வந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு முன்வரிசையில் இருக்கும் அன்னையர்களே! உங்கள் அனைவருக்கும் லியோன் என்னும் இந்த எளியவனின் பணிவான வணக்கம்.

வெள்ளைக்காரர் ஏன் இப்படி வாக்களிக்கிறார்கள்? இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. சென்ற ஆண்டு இங்கிலாந்திலே தேர்தல் நடந்தது, ஒரு பெண் பிரதமரானார், வானொலியில் கேட்டீர்கள். வாழ்க்கைச் செலவு என்றது வானொலி. வேலைநிறுத்தம் என்றது பத்திரிகை. வரி என்றார்கள் படித்தவர்கள். நான் படித்தவன் அல்லேன். பதின்மூன்று ஆண்டுகள் லண்டனிலே ரயில் பெட்டி கழுவியவன். ஆனால் இலங்கையில் பிறந்தவனுக்கும் அங்கே வாக்குண்டு. அந்த உரிமையோடு மூன்று தேர்தல்களில் வாக்களித்தவன். கண்டதைச் சொல்கிறேன். கதை அளக்கிறான் என்று நினைத்தால் இப்போதே கையைத் தூக்குங்கள்!

ஒரு கை தெரிகிறது. அது அம்புறோஸ் அண்ணை. என்ன சொல்கிறீர்கள்? “லியோன், உந்த முகவுரையை விடும். நீர் ஆருக்குப் போட்டனீர்? அதைச் சொல்லும்!”

சொல்கிறேன் அண்ணை, சொல்லத்தானே வந்தனான்.

லண்டனிலே மூன்றாம் மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு யன்னல். யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அந்த அறையின் கதவை எத்தனை பேர் தட்டினார்கள் தெரியுமா? ஏழு ஆண்டுகளில் ஒரே ஒருவர். எழுபத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதம் தந்தி கொண்டுவந்தவர். என் மனைவி கிறேஸ் இங்கே நமது ஆஸ்பத்திரியில் கண்மூடிய செய்தியைக் கொண்டுவந்தவர். தாய்மாரே, உங்களில் பலர் அவளைக் குளிப்பாட்டி உடுத்தி அனுப்பிவைத்தீர்கள். நான் அந்தத் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்ய? அழுவதற்குக்கூட ஓர் ஆள் வேண்டும் பக்கத்தில்.

அதற்கு அடுத்த மாசி மாதம் மீண்டும் கதவு தட்டப்பட்டது. ஊரிலிருந்த மகள் ஜசிந்தாவுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று ஓடிப்போய்த் திறந்தேன். வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. மார்பிலே சிவப்பு நாடாப் பூ, கையிலே ஒரு கொப்பி, மூன்று மாடி ஏறிய மூச்சு. மிஸிஸ் ஹேல் என்று பெயர் சொன்னார். தொழிற்கட்சிக்காரர், அந்த மாதக் கடைசியில் நடக்கவிருந்த தேர்தலுக்காக வந்தவர். “உங்கள் ஆதரவு எங்களுக்கு உண்டா?” என்று கேட்டார்.

உண்டா என்றா கேட்டார்? உயிரையே கேட்டிருந்தாலும் உவந்து கொடுத்திருப்பேன்! “ஓம், ஓம், உள்ளே வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்” என்று பதறினேன். அவரோ கொப்பியில் ஒரு கோடு போட்டார், நன்றி சொன்னார், இறங்கிப் போய்விட்டார். கேத்திலில் தண்ணீர் கொதிக்க முதலே போய்விட்டார்.

மறுநாள் வேறு கட்சியின் நீல நாடாக்காரர் வந்தார். அவருக்கும் ஓம். அதற்கடுத்த நாள் மஞ்சள் நாடாக்காரர். அவருக்கும் ஓம். சிரிக்கிறீர்கள்! சிரிக்காதீர்கள். வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் மனிதருக்கு இல்லை என்று சொல்ல நம் தீவுகளில் யாருக்காவது வாய் வருமா? இங்கே தேர்தல் காலத்தில் எத்தனை கட்சிக்காரருக்கு நீங்கள் ஓம் சொல்லியிருக்கிறீர்கள்? அல்போன்சம்மா அக்கா தலையைக் குனிகிறார், பாருங்கள்!

வாக்களிக்கும் நாளும் வந்தது. சீட்டைக் கையில் வாங்கினேன். மூன்று பேருக்கும் சொல் கொடுத்தவன் நான். ஒருவருக்குப் போட்டால் மற்ற இருவருக்கும் பொய்யனாகிவிடுவேனே! யோசித்தேன், யோசித்தேன், பின்னால் நின்றவர் இருமும்வரை யோசித்தேன். மூன்று பெயருக்கும் நேரே மூன்று புள்ளடி போட்டு, மனநிறைவோடு மடித்துப் பெட்டியில் இட்டேன்.

சிரியுங்கள், இப்போது சிரியுங்கள்! இங்கிலாந்து மண்ணிலே இந்த ஊர்காவற்றுறையான் அளித்த முதல் வாக்கு செல்லாத வாக்கு!

இதைக் கீழ்மாடியில் இருந்த பென்னெற் என்ற கிழவரிடம் படிக்கட்டில் வைத்துச் சொன்னேன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். ஏழு ஆண்டுகளாகக் காலை வணக்கம் மட்டும் சொன்ன மனிதர், அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சொன்னதை நமது தமிழில் சொல்கிறேன், கேளுங்கள். “ஐசே, நீர் ஒரு விசரன்! ஓம் எண்டு சொன்னால் கோடு போட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவினம். இல்லை எண்டாலும் போயிடுவினம். இன்னும் யோசிக்கிறன் எண்டு சொல்லிப் பாரும். தேர்தல் முடியுமட்டும் உம்மை விடமாட்டினம்.”

“அப்ப நீங்கள் ஆருக்குப் போடுவியள்?” என்று கேட்டேன்.

“நான் வாலிப வயசிலை இருந்து சிவப்புக்குத்தான். ஆனால் மனிசி செத்த பிறகு ஒருத்தருக்கும் அதைச் சொல்லேல்லை” என்றார்.

அதே ஆண்டு ஐப்பசியில் அடுத்த தேர்தல். நான் தேறிவிட்டேன்! சிவப்பு வந்தது, இன்னும் யோசிக்கிறேன் என்றேன். நீலம் வந்தது, இன்னும் யோசிக்கிறேன் என்றேன். மஞ்சள் வந்தது, மண்டையைச் சொறிந்துகொண்டு இன்னும் யோசிக்கிறேன் என்றேன். மஞ்சள் இரண்டு தடவை வந்தது. நீலம் நான்கு தடவை. மிஸிஸ் ஹேல் ஆறு தடவை! விலைவாசி பற்றிச் சொன்னார், வீட்டு வாடகை பற்றிச் சொன்னார், நான் தேநீர் ஊற்றி ஊற்றிக் கேட்டேன். கடலைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். கிறேஸைப் பற்றிக் கேட்டார். அவளைப் பற்றி அந்த நாட்டில் வாய் திறந்து நான் பேசியது அன்றுதான்.

வாக்களிப்பு நாளன்று ஏழாம் தடவை வந்தார். கொட்டும் மழை. கால் வீங்கியிருந்தது. கதிரையில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “மிஸ்ரர் லியோன், உங்களுக்குச் செலவழித்த நேரத்தில் முப்பது வீடு பார்த்திருப்பேன். உண்மையைச் சொல்லுங்கள். எதை யோசிக்கிறீர்கள்?” என்றார்.

பொய் சொல்ல முடியவில்லை. “ஒன்றையும் யோசிக்கவில்லை அம்மா. நீங்கள் வரவேண்டும் என்றுதான் சொன்னேன்” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சப்பாத்தை மாட்டினார். கொப்பியைத் திறந்து, என் பெயருக்கு நேரே அந்தக் கோட்டைப் போட்டார். நானும் அவரோடு மழையில் இறங்கி நடந்து போய்ச் சிவப்புக்குப் போட்டேன்.

அம்புறோஸ் அண்ணை, கேட்டீர்களே, இதுதான் பதில். கொள்கைக்குப் போட்டேனா? இல்லை. கொடிக்குப் போட்டேனா? இல்லை. வீங்கிய காலோடு மூன்று மாடி ஏறி வந்த ஒரு மனுசிக்குப் போட்டேன்!

பிறகு நாலரை ஆண்டுகள் அந்தக் கதவை யாரும் தட்டவில்லை. சென்ற ஆண்டு தை மாதம், பென்னெற்றின் வாசலில், பால்காரன் காலைதோறும் வைத்துப்போகும் போத்தல் நான்கு எடுக்கப்படாமல் சேர்ந்திருந்தன. நான் தட்டினேன். நான் தட்டியிருக்க வேண்டியது முதலாம் போத்தலன்று. ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தோம், எனக்கு அது தோன்றவில்லை. அந்தப் பாவம் இன்னும் என் மேல் இருக்கிறது.

சித்திரையில் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஒரு புதிய பெண், பழைய பட்டியல். கீழே பென்னெற்றின் கதவைத் தட்டிக்கொண்டே நின்றாள். நான் இறங்கிப் போய், அவர் இறந்துவிட்டார் என்றேன். “ஐயோ, இவர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றல்லவா எழுதியிருக்கிறது!” என்றாள். பேனாவால் அந்தப் பெயரை வெட்டினாள். அன்றே நான் ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தேன்.

பெரியோர்களே, தாய்மார்களே! அரிசி விலைக்காக வாக்களிப்பவர் உண்டு. அப்பன் போட்ட கட்சிக்கே போடுபவர் உண்டு. அங்கும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் என்னைத் தேடி வந்தார்களா, என் முகம் பார்த்தார்களா, என் பெயர் கேட்டார்களா என்று ஏங்கி, அதற்காகவே வாக்களிப்பவர் எத்தனை ஆயிரம்! வாக்குக் கேட்கத்தானா ஒரு வீட்டுக்குப் போக வேண்டும்? வாக்கெண்ணி முடிந்ததும் அந்த வாசல் வழி மறந்துவிட வேண்டுமா?

நான் திரும்பி வந்து எட்டு மாதம். கிறேஸ் இல்லாத வீடு. மகள் திருகோணமலையில். லண்டன்காரர் என்று நீங்கள் மரியாதையாக விலகிப் போகிறீர்கள். உங்கள் மேல் குறையில்லை. சென்ற மாதம் என் கதவு தட்டப்பட்டது. இந்த வாசிகசாலையின் செயலாளர் தம்பி பாலசிங்கம். “லியோன் அண்ணை, விழாவிலை நீங்கள் பேசவேணும்” என்றார்.

நான் என்ன சொன்னேன்? “இன்னும் யோசிக்கிறன் தம்பி. நாளைக்கு வாரும்.”

நாளைக்கும் வந்தார். அடுத்த நாளும் வந்தார். ஐந்து தடவை வந்தார். தம்பி பாலசிங்கம், என்னை மன்னிக்க வேண்டும். இந்தப் பேச்சை முதல் நாளே எழுதி அலுமாரியில் வைத்துவிட்டேன்.

இருக்கட்டும். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. ஓம் என்று சொன்னேன், பேசியும் முடித்துவிட்டேன். நாளைக்கு என் வீட்டுக்கு வர உங்களில் யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.

காரணம் இல்லாமல் வாருங்கள். வணக்கம்.