பிடி அரிசி

"கர்த்தருக்கு ரேஷன் அரிசி போதும்னு நெனச்சது தப்பாப் போச்சுக்கா."

ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இருந்த இளம்பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். இருவரும் ஒரே சபை. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து ஞாயிறன்று சர்ச்சில் சேர்ப்பார்கள். அது கஷ்டப்படும் வீட்டுக்குப் போகும்.

"அவரு கால் ஒடஞ்சி படுத்துக்கினு இருக்காருன்னு, இந்த வாரம் எங்க வீட்டுக்கே குடுத்துட்டாங்க."

"நல்லதுதானம்மா."

"என்னா நல்லது? நாங்க துன்றது பொன்னி. சபைக்கு மட்டும் ரேஷன் அரிசி போடுவேன். நான் ஒருத்திதான் அப்படின்னு நெனச்சிக்கினு இருந்தேன். பையப் பிரிச்சா மொத்தமும் ரேஷன் அரிசி!"

மூத்தவள் வெளியே பார்த்தாள். நான் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

"ஆக்கிப் போட்டியா?"

"போட்டேன். அவரு தட்டுல கை வெக்கிறதுக்கு முன்னால, 'இதக் குடுத்த கைங்கள ஆசீர்வதியும் ஆண்டவரே'ன்னு அழுதுக்கினே ஜெபம் பண்ணாரு."

"நீ ஆமென் சொன்னியா?"

"சத்தமாவே சொன்னேன். அதுல உன் கையும் இருக்குதில்லக்கா?"