ஆணியில் தொங்கிய துப்பாக்கியை எடுத்தது நான்தான்

பெயர் ஆர்த்தி. வயது 31. கணவர் பெயர் ராஜேஷ். அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டம், ஆலங்கொல்லை கிராமம், மேலத்தெருவில் குடியிருக்கிறேன். நாள் 11.12.2025, வியாழக்கிழமை. நீதித்துறை நடுவர் அவர்கள் முன்னிலையில் நான் சொல்லி எழுதப்பட்டது.

மேற்படி வீட்டில் என் மாமனார் நடராசன், மாமியார் மலர்கொடி ஆகியோருடன் வசிக்கிறேன். என் கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். நான் ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக வேலை பார்த்தேன். இந்த வழக்கில் நான் முதல் எதிரி, என் மாமனார் இரண்டாம் எதிரி. என்மீதான குற்றச்சாட்டு எனக்குப் படித்துக்காட்டப்பட்டது. மறுக்கலாம் என்றும், ஒப்புக்கொண்டால் தண்டனை உண்டு என்றும் நீதிபதி அம்மா இரண்டு முறை எடுத்துச் சொல்லி, யோசிக்க நேரமும் கொடுத்தார். யாரும் மிரட்டாமல், யாரும் ஆசை காட்டாமல் இதைச் சொல்கிறேன்.

என் மாமனாரிடம் காட்டுப்பன்றியை விரட்டுவதற்காக உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. வீட்டுக்குள் வெடிமருந்து கெட்டித்து வைக்கக் கூடாது என்பது உரிமத்தில் உள்ள நிபந்தனை. கடலைக் கொல்லையில் பன்றி இறங்கியதால் 13.06.2025 அன்று மாமா அதில் மருந்தும் ரவையும் கெட்டித்துக் கொண்டுபோனார். பன்றி வரவில்லை. அப்படியே கொண்டுவந்து நடுவறையில் ஸ்விட்ச் போர்டுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். கெட்டித்திருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் 14.06.2025 சனிக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. நடுவறை ஃபேன் ஓடாததால் எங்கள் ஊர் கீழத்தெருவைச் சேர்ந்த எலக்ட்ரீசியன் அறிவரசனை வரச்சொல்லியிருந்தோம். சுமார் பதினொரு மணிக்கு அவர் வந்து ஸ்டூலில் ஏறி ஃபேனைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கோளாறு ஸ்விட்ச் போர்டில்தான் என்று சொல்லிக் கீழே இறங்கினார். போர்டுக்கு அருகில் போனவர் அதன்மேல் துப்பாக்கி தொங்குவதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"அக்கா, இதை யாராச்சும் எடுத்து அந்தாண்ட வைங்க. நான் தொடமாட்டேன். நாளைக்கு ஒண்ணுன்னா என் பேருதான் வரும்" என்று சொன்னார்.

நான் சிரித்தேன். அதன் பிறகு நானே ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறித் துப்பாக்கியைத் தூக்கினேன். அதன் வார் ஆணியில் சிக்கியிருந்ததால் வெடுக்கென்று இழுத்தேன். மருந்தைத் தட்டி வெடிக்கவைக்கும் குதிரை ஆணியில் மாட்டிப் பின்னால் வந்து அடித்தது. வெடித்தது. புகையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. புகை கலைந்தபோது, பின்வாசல் நிலையருகே கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அத்தை மலர்கொடி முறத்தின்மேல் சாய்ந்து கிடந்தார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே ரவை பாய்ந்து எலும்பு முறிந்திருந்தது.

நான் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. துப்பாக்கியைப் பிடித்தபடியே நின்றேன். அறிவரசன்தான் தன் சட்டையைக் கழற்றி அத்தையின் காலில் இறுக்கிக் கட்டி, தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, பக்கத்து வீட்டு டாட்டா ஏஸில் ஏற்றி ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அத்தையை அரியலூருக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு முந்திரித் தோப்பில் இருந்து வந்த மாமா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"நீ எடுத்தேன்னா உன் மேல கேசு. மருந்தோட வச்சதுக்கு என் மேலயும் கேசு. லைசென்சு போயிரும். அவன் எடுத்து வெளையாடினான்னு சொல்லிடுவோம். அந்தத் தெருவுப் பயதானே, நாலு நாள்ல நானே பேசி வெளிய எடுத்துடுறேன்" என்றார். என் கணவரும் போனில், "அப்பா சொல்றதக் கேளு ஆர்த்தி" என்றார்.

மாமா கொடுத்த புகாரின்பேரில் அன்று மாலை போலீசார் வந்தார்கள். "எலக்ட்ரீசியன்தான் எடுத்தாராம்மா?" என்று என்னிடம் கேட்டார்கள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். இதை யாரும் என்மீது குற்றமாக எழுதவில்லை. நானாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அறிவரசன் சட்டையில் இருந்த ரத்தமே அவருக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் எடுத்தார் என்று படைக்கலச் சட்டமும் சேர்த்து வழக்குப் பதிவாகி, மறுநாள் அவரைக் கிளைச்சிறையில் அடைத்தார்கள். அதே நாளில் மாமா என்னைப் பெரம்பலூரில் உள்ள என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டு, கூப்பிடும்வரை வரவேண்டாம் என்று சொல்லிப் போனார். அங்கே எட்டு நாட்கள் இருந்தேன்.

23.06.2025 திங்கட்கிழமை அறிவரசனின் மனைவி பிரவீணா விலாசம் விசாரித்துக்கொண்டு பெரம்பலூர் வந்தார். அழவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். பையில் இருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அறிவரசனுக்கு மின்வாரியத்தில் வேலை கிடைத்து வந்த உத்தரவு அது. நான்கு வருடம் படித்துத் தேர்வெழுதி வாங்கியது. ஜூலை பதினைந்துக்குள் சேர வேண்டும். போலீஸ் விசாரணையில் வழக்கு இருப்பதாக வந்தால் அந்த வேலை இல்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவரு அதைத் தொட்டாரா? தொட்டாருன்னு நீங்க சொன்னா நான் எந்திரிச்சுப் போயிடுறேன்" என்றார்.

"இல்ல. நான்தான் எடுத்தேன்" என்றேன். பத்து நாட்களில் அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் முறை. பிரவீணா ஓரமாக வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அதன் பிறகு, "இதையே அங்க வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார். சொல்வேன் என்றேன்.

அவர் போன பிறகு அரியலூர் ஆஸ்பத்திரியில் இருந்த அத்தைக்குப் போன் செய்தேன். தடுப்பார் என்று நினைத்தேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு எந்த பஸ்ஸுல வர?" என்று கேட்டார். சொன்னேன். "நாளைக்கு டிஸ்சார்ஜுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நீ வந்து என்னையும் ஏத்திக்க. அந்தப் புள்ள என்னைத் தூக்கிட்டு ஓடயில 'ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா'ன்னு சொல்லிக்கிட்டே ஓடினான். நான் கண்ணை மூடிக்கிட்டு அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். போலீசு கேட்டப்ப உன் மாமா தலைமாட்டுல நின்னாரு, நானும் பொய் சொல்லிட்டேன். என் கால்ல பட்டதுக்கு நான் சொல்லாம வேற யாரு சொல்றது?" என்றார்.

24.06.2025 அன்று காலை பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூரில் இறங்கி, கட்டுப்போட்ட காலோடு வாக்கர் பிடித்து நின்ற அத்தையைக் கூட்டிக்கொண்டு ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினோம். காலை நீட்ட இடம் வேண்டும் என்று கண்டக்டர் முன் சீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, "எப்புடிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டார். அத்தை என்னைக் கைகாட்டி, "இவதான் சுட்டா" என்றார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பத்து நாட்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

பிற்பகல் இரண்டு மணியளவில் எங்கள் சரகக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் புவனேஸ்வரி அவர்களிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, இப்படிச் சொன்னால் என்னென்ன வழக்கு என்மீது வரும் என்று எனக்கு விளக்கினார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அத்தையின் வாக்குமூலம் எழுதப்படும்போது யாரோ சொல்லி மாமா வந்துவிட்டார். வாசலில் நின்றபடி, "மலரு, எந்திரி. வூட்டுக்கு வா" என்றார்.

முப்பத்து மூன்று வருடமாக அந்தக் குரலுக்கு அத்தை எழுந்து போனதாகத்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வரேன். எழுதி முடிச்சுட்டு வரேன்" என்றார்.

மாமா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு உதவி ஆய்வாளர் கைப்பற்றி வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துப் பார்த்ததில் குதிரையின் இடுக்கில் சுவர்ச் சுண்ணாம்பு இருந்தது. அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்ததில் ஆணி வளைந்து, சுற்றிலும் காரை பெயர்ந்திருந்தது. நான் ஸ்டூலில் நின்ற உயரத்தில் இருந்து கதவு நிலை வரைக்கும் நூல் பிடித்து அளந்து பார்த்தார்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது.

26.06.2025 வியாழக்கிழமை அறிவரசன் வெளியே வந்தார். நானும் கிளைச்சிறை வாசலுக்குப் போயிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், "மன்னிச்சுடுங்க" என்றேன். "பத்து நாள் கழிச்சு வந்தீங்க அக்கா. ஆனா வந்தீங்க" என்றார். வழக்கில் இருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. ஜூலை பதினான்காம் தேதி, கடைசி நாளுக்கு ஒருநாள் முன்னதாக, அவர் வேலையில் சேர்ந்தார். அன்று கீழத்தெருவில் வெடி வெடித்தார்கள். பிரவீணா எங்கள் வீட்டுக்கு நேராக முன்வாசல் வழியாக வந்து அத்தை கையில் இனிப்பு கொடுத்தார். அத்தை அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எங்கள் வீட்டில் அது அதற்கு முன்பு நடந்ததில்லை.

என் மாமனாரின் உரிமத்தைக் கலெக்டர் ரத்து செய்துவிட்டார். பொய்ப் புகார் கொடுத்ததற்கும் துப்பாக்கியை மருந்தோடு வைத்ததற்கும் அவர்மீது வழக்கு நடக்கிறது. அவர் இப்போது மோட்டார் கொட்டகையில்தான் படுக்கிறார். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். வழக்கு முடியும்வரை வரவேண்டாம் என்று பள்ளியில் என்னை நிறுத்திவிட்டார்கள். என் கணவர் மூன்று மாதம் பேசவில்லை. அக்டோபரில் கூப்பிட்டு, "அம்மாவ நல்லாப் பாத்துக்க" என்றார். அத்தை இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார். இன்று நீதிமன்ற மாடிப்படியையும் தானாகத்தான் ஏறி வந்தார்.

குற்றத்தை மறுத்துவிடும்படி என் வக்கீல் சொன்னார். பார்த்த சாட்சி குறைவு, தெரியாமல் நடந்தது, விடுதலை வாங்கிவிடலாம் என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் எடுக்கவில்லை என்று இந்த நீதிமன்றம் எழுதினால், பிறகு யார் எடுத்தது என்று ஊர் கேட்கும். அதற்குச் சொல்ல ஊரில் ஒரு பெயர் எப்போதும் தயாராக இருக்கிறது. அந்தப் பெயரை இனி யாரும் சொல்ல முடியாதபடி என் பெயர் தீர்ப்பில் இருக்க வேண்டும். அதற்காக எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று சற்று முன் கேட்கப்பட்டபோது, கடைசி பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, "ஆமாங்க, நான்தான்" என்று சொன்னேன்.

இதில் எழுதியிருப்பது முழுவதையும் படிக்கக் கேட்டேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் விடவில்லை. என் வாயால் சொன்னது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ரா. ஆர்த்தி