உசுருக்குக் கட்டின பணம்

யுத்த காலம். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில் போனேன். எனக்கு முன்னால் ஒரு ஜவுளி வியாபாரியின் சம்சாரம், பக்கத்து அம்மாளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“எங்கூட்டுக்காரரு தன் உசுருக்குப் பணங் கட்டறதை சர்க்காருக்குத் தெரியாம ஒளிச்சு வச்சாருங்க.”

“ஏனுங்க?”

“இன்சூரன்சு இருக்குன்னு தெரிஞ்சா அதுக்கும் வருமான வரி போட்டுருவாங்கன்னு பயமுங்க. இருந்த வரியைக் கட்டவே ஒரு தறியை வெலை பேசிட்டாரு. நாந்தான் வரிக் கணக்குப் பாக்கற வக்கீலய்யாகிட்ட உளறிட்டனுங்க.”

“அப்புறம்?”

“வக்கீலய்யா சிரிச்சுட்டாருங்க. இன்சூரன்சுக்குக் கட்டற பணத்துக்கு வரியே இல்லையாமுங்க. வரி கொறஞ்சுது, தறி ஊட்டுலயே இருக்குது. அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கோணும்.”

“உங்க வாயும் நல்லா இருக்கோணுமுங்க.”

“இப்ப எங்கூட்டுக்காரரு இன்னொரு இன்சூரன்சு போடட்டுமாங்கறாரு. அந்தப் பணம் எனக்கெதுக்குங்க? இவரு இருந்து வருசாவருசம் வரி கட்டுனாப் போதுமுங்க.”