நிக்கொலஸ் செருகிய பலகைகள்

தலைமை வகிக்கும் ஜனாப் லத்தீப் அவர்களே, எங்கள் துயரில் பங்கெடுக்க வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி இரஞ்சிதம் நிக்கொலஸ் அவர்களே, உடப்பிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் கனமூலையிலிருந்தும் இன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எங்கள் ஆவண நிலையத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், அமரர் நிக்கொலஸ் அருள்குமரன் அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் நிரூபா. ஆறு வருடம் அவரோடு ஒரே அறையில் வேலை செய்தவள்.

யார் இந்த நிக்கொலஸ்? யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து இரண்டு பெட்டிகளோடு புத்தளத்தில் இறங்கியவர். ஒரு பெட்டியில் உடுப்பு. மற்றதில் சோல்டரிங் அயனும் கம்பிச் சுருள்களும். "முதல்ல எந்தப் பெட்டியைத் தூக்கினவர் எண்டு கேளுங்கோ" என்று இரஞ்சிதம் அக்கா இப்போதும் சிரித்துக்கொண்டு குறை சொல்லுவார்.

எங்கள் நிலையத்தின் பின்னறையில் நிற்கும் அந்தக் கணினியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மினி கணினி என்று பெயர். உயரமோ ஓர் அலுமாரி! தொண்ணூறில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், போருக்குத் தப்பிப் பின்னர் வந்த தமிழ்க் குடும்பங்களும் இந்தக் கரையில் இறங்கியபோது, ஒரு நிவாரண அமைப்பு அவர்களுடைய பெயர்களைப் பதிந்தது. எந்த ஊர், எத்தனை பேர், வந்த திகதி என்ன? எல்லாம் அந்த இயந்திரத்துக்குள் போயின. பிறகு அமைப்பு போய்விட்டது. கடதாசிப் பிரதிகளைக் கறையான் தின்றது. மிஞ்சியவை அந்த இயந்திரமும், பெயர்களைச் சுமந்த ஒன்பது காந்தத் தட்டுகளும்தான்.

போர் முடிந்தது. சனம் சொந்தக் காணிக்குத் திரும்ப விரும்பியது. விசாரணையில் என்ன கேட்டார்கள்? "நீங்கள் அந்த ஊர்க்காரர் என்பதற்குச் சான்று எங்கே?" சான்று எங்கள் பின்னறையில் தூசி பிடித்துக் கிடந்தது.

நம் நிலையத்தின் தலைவர் ஜனாப் லத்தீப் கோபிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். முதல் நாள் அவர் அந்த இயந்திரத்தைத் தட்டிப் பார்த்து, "இந்த இரும்பு அலுமாரிய வெச்சிக்கிட்டு என்னத்த செய்யப் போறோம்? பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தா எடமாச்சும் மிஞ்சும்" என்றார். நிக்கொலஸ் அண்ணை சொன்ன மறுமொழி: "ஓம் சேர், குடுப்பம். அதுக்கு முதல் அது என்ன சொல்லுதெண்டு ஒருக்கால் கேட்டுப்போட்டுக் குடுப்பம்."

அந்த இயந்திரத்தின் உள்ளே பின்தளம் என்று ஒன்று இருக்கிறது. நீண்ட பொருத்துவாய்கள் வரிசையாக அமைந்த ஒரு சட்டம். சுற்றுப்பலகைகளை ஒவ்வொன்றாக அதில் செருகவேண்டும். களப்பின் உப்புக் காற்றில் பொன் பூசிய பற்கள்கூட மங்கிப்போகும். அவர் ஒவ்வொரு பலகையின் பற்களையும் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து, இரண்டு பெருவிரல்களாலும் ஒரே அளவாக அழுத்துவார். ஒரு பக்கம் முந்தக்கூடாது, மறுபக்கம் பிந்தக்கூடாது.

கையிலிருந்த பத்துப் பலகைகளையும் செருகிய பிறகும் இயந்திரம் அசையவில்லை. நடுவில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. தொலைந்த பலகையைத் தேடி நாங்கள் எல்லோரும் அலுமாரிகளைக் கிளறினோம். அவர் மட்டும் தேடவில்லை. ஒரு பலகை தனக்குத் தேவையில்லாத மின் சைகையை அடுத்ததற்குக் கடத்தவேண்டுமாம். இடையில் வெற்றிடம் இருந்தால் சைகை அங்கேயே நின்றுவிடுமாம். பழுதான ஒரு பலகையின் முனையை அரிந்தெடுத்து, அதில் நான்கு சிறு கம்பிகளைப் பற்றவைத்து, அந்த இடத்தில் செருகினார். இயந்திரம் எழுந்தது! புத்தகம் படித்தா கண்டுபிடித்தார்? இல்லை. மூன்று நாள் அதன் முன்னால் குந்தியிருந்து கண்டுபிடித்தார்.

அவருக்கு ஒரு கட்டாய வழக்கம் இருந்தது. பலகையைத் தொடுமுன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றி, இன்னொருவர் கையில் கொடுப்பார். "இதைப் பிடியும். ஆர் வந்து கேட்டாலும் குடாதையும்." பிளக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்கு வெட்கமாக இருக்கும். பட்டம் படித்தவளுக்கு இதுதானா வேலை என்று மனதுக்குள் நினைப்பேன்.

இனி, நீங்கள் எல்லோரும் அறிந்த கதைக்கு வருகிறேன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், தட்டுகளை வாசிக்கும் பலகை எரிந்துபோனது. பெரியவர் சாஹுல் ஹமீது அவர்களின் காணி விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது. அவருடைய குடும்பப் பதிவு வெளியே வரவில்லை, விசாரணை தவறியது. அவர் தினமும் வந்து எங்கள் வாசல் கதிரையில் அமர்ந்து, "என்னா நிக்கொலஸு, இன்னைக்கி எதையும் எரிக்கலியா?" என்று கேட்பார். அது பரவியது. சந்தையில் 'எரிச்ச நிக்கொலஸ்' என்றே பட்டம் வைத்தார்கள். நான்காம் வாரம் பெரியவர் மௌத்தானார். ஜனாஸா நல்லடக்கத்துக்குப் போன நிக்கொலஸ் அண்ணையிடம் பெரியவரின் மகன், "நீங்க உள்ளுக்கு வர வேணாம்" என்றார். அவர் மதிலோரம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் விடிய பஸ் ஏறினார். கொழும்பில் கழித்துவிட்ட ஓர் இயந்திரத்தில் அதே பலகை இருப்பதாக, பல இடம் விசாரித்து அப்போதுதான் அறிந்திருந்தார். அதைத் துவாயில் சுற்றி, பஸ்ஸின் சாமான் தட்டில் வைக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டு புத்தளம் வரை வந்தார். அடுத்த நாள் பதிவு வெளிவந்தது. சாஹுல் ஹமீது, மனைவி, பிள்ளைகள் நால்வர், ஊர், திகதி. இரண்டாம் விசாரணையில் காணி உறுதியானது. கடதாசியை வாங்க வந்த அவருடைய மகள் கமறியா, நிக்கொலஸ் அண்ணையின் முகத்தைப் பார்க்கவேயில்லை. அந்தச் சகோதரி இன்று மூன்றாம் வரிசையில் இருக்கிறார். வந்ததற்கு நன்றி, சகோதரி. ஏனென்றால் இனிச் சொல்லப்போவது முதலில் உங்களுக்கு உரியது.

அந்தப் பலகையை எரித்தது நிக்கொலஸ் அல்ல. நான்.

அன்று அவர் வைத்தியரிடம் போயிருந்தார். சகோதரி, நீங்கள் வாப்பாவின் பதிவைக் கேட்டு வந்து அழுதீர்கள். அவர் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. பலகை ஒன்று தளர்ந்திருப்பதாகத் தெரிந்தது. பிளக்கைக் கழற்றவில்லை, முன்பக்க விசையைத் திருப்பினால் போதும் என்று நினைத்தேன். அதை ஒரு பக்கம் திருப்பினால் மின்சாரம் நிற்கும். மறுபக்கம் திருப்பினால் முகப்புப் பொத்தான்கள் மட்டும் பூட்டப்படும். நான் திருப்பியது மறுபக்கம். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கூரை விசிறி என்று எண்ணினேன். பலகையை இழுத்தேன். மணம்தான் முதலில் வந்தது.

அவர் வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"ஆர் பிளக்கைப் பிடிச்சது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

கொஞ்ச நேரம் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உமக்கு நியமனம் இன்னும் உறுதியாகேல்லை. இப்ப சொன்னீரெண்டால் வெள்ளிக்கிழமை வீட்டை போகவேண்டியதுதான். எனக்கென்ன, ரேடியோ திருத்தியெண்டாலும் சீவிப்பன். பிறகு சொல்லும் பிள்ளை."

இரண்டு மாதத்தில் என் நியமனம் உறுதியானது. அந்தப் 'பிறகு' அன்றே வந்துவிட்டது. அவர் எனக்குக் கொடுத்தது இரண்டு மாதம். நான் எடுத்துக்கொண்டது ஐந்து வருடம்! ஒரு நாளாவது அவர் நினைவூட்டினாரா? இல்லை. சந்தையில் அந்தப் பட்டத்தைக் கேட்டபோதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தாரா? அதுவும் இல்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்று என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லாத குற்றத்தை இந்த உரை கழுவாது என்பது மட்டும் தெரியும்.

இரஞ்சிதம் அக்கா, உங்கள் கணவர் ஒரு பலகையைக்கூடப் பழுதாக்கியவர் அல்ல. சகோதரி கமறியா, உங்கள் வாப்பா திட்டியிருக்கவேண்டியது என்னை. மன்னிப்பதும் மன்னிக்காமல் விடுவதும் உங்கள் உரிமை. ஆனால் அந்தப் பட்டத்தை இனி யார் சொன்னாலும், அவருடைய பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

நிலையத்தின் கோவையில் 'நிக்கொலஸ் அவர்களின் கவனயீனம்' என்று எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திருத்தக் கோரி, நடந்தது முழுவதையும் என் கையொப்பத்தோடு எழுதியிருக்கிறேன். தலைவர் அவர்களே, இந்தச் சபை பார்த்திருக்க இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தருகிறேன்.

உறவுகளே! ஒன்பது தட்டுகளில் ஆறை அவர் வாசித்து முடித்தார். மூன்று மிச்சம். அவற்றில் யாருடைய ஊர் இருக்கிறது, யாருடைய வாப்பா, யாருடைய அம்மா இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவர் செய்ததைச் செய்ய நான் கற்றிருக்கிறேன். எப்படிச் செய்யக்கூடாது என்பதையும் கற்றிருக்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஏழாவது தட்டை ஏற்றுவேன். பதிவு தேடுகிறவர்கள் வாருங்கள்.

தலைவர் அவர்களே, கடிதத்தைப் படித்தபின் என்னை வேலையிலிருந்து நிறுத்துவது சரியென்று பட்டால் நிறுத்துங்கள்; நான் எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டேன். சம்பளம் இல்லாமல் வந்து அந்த மூன்றையும் முடிப்பேன். பின்னறைப் பூட்டின் திறப்பை மட்டும் அதுவரை என்னிடம் விட்டுவையுங்கள்.