கீழ்வீட்டுக்குக் கேட்கிற அளவு

மேல்வீடு: … இல்ல டீச்சர், நாலு நாளா அதைத் தொடவே இல்ல. ஒயரையே புடுங்கி வெச்சுட்டேன். சத்தியமா.

கீழ்வீடு: தெரியும் தம்பி. அதுக்குத்தான் போன் பண்ணேன்.

மேல்வீடு: அப்போ வேற யார் வீட்டுச் சத்தமாவது இருக்கும். மூணாவது மாடியில ஒருத்தர் துளை போட்டுட்டு…

கீழ்வீடு: என்னைப் பேச விடுங்களேன். சத்தம் கேக்குதுன்னு யார் சொன்னா? அந்த சப்வூஃபர் பெட்டியை மறுபடி மாட்டுங்கன்னு சொல்றேன்.

மேல்வீடு: … என்னது?

கீழ்வீடு: மாட்டுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு வெச்சுக்குங்க. கேக்குதா, எவ்வளவு கேக்குதுன்னு நான் கீழ இருந்து சொல்றேன். ரெண்டு வீட்டுக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரு அளவு இருக்கும்ல?

மேல்வீடு: டீச்சர்… குடியிருப்போர் சங்கத்துக்கு என்மேல லெட்டர் எழுதினது நீங்கதானே? ரெண்டு பக்கம். 'நெஞ்சைப் பிளக்கும் பேரோசை'ன்னு.

கீழ்வீடு: நான்தான். ஏன், பிழை எதுவும் இருந்துச்சா?

மேல்வீடு: ஐயோ, இல்ல…

கீழ்வீடு: அப்புறம் என்ன? மாட்டுங்க.

மேல்வீடு: ஆறு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு.

கீழ்வீடு: மணி அஞ்சேகால்தான். லிஃப்ட் ரிப்பேர் பண்ற கைக்கு ஒரு ஒயர் சொருக அவ்வளவு நேரமா?

மேல்வீடு: சரி… இருங்க, குனியறேன்… அம்மாடி… ஆம்ப்ளிஃபயர் பின்னாடி கையே போக மாட்டேங்குது…

கீழ்வீடு: ஒன்னு கேக்கவா? ஏற்கெனவே அலமாரியில ரெண்டு ஸ்பீக்கர் இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னார். அதுக்கும் மேல இந்தப் பெட்டி எதுக்கு?

மேல்வீடு: அதுங்க சின்னது டீச்சர். குரலு, புல்லாங்குழலு, வயலினு எல்லாம் அழகாப் பாடும். ஆனா அடிவயித்துச் சத்தம் வராது. டிரம் அடிச்சா பிஸ்கட் டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கும். அதனால கனமான சத்தத்தை மட்டும் பிரிச்சு, தரையில இருக்கிற பெரியவன்கிட்ட குடுத்துடணும்.

கீழ்வீடு: எந்த இடத்துல பிரிப்பீங்க?

மேல்வீடு: ஒரு திருகு இருக்கு. எண்பது ஹெர்ட்ஸ்ல வெச்சிருக்கேன். எண்பதுக்குக் கீழ இவன் பொறுப்பு, மேல அதுங்க பொறுப்பு.

கீழ்வீடு: ஏ பிரிவு, பி பிரிவு மாதிரி.

மேல்வீடு: அதேதான். ஆங், மாட்டியாச்சு. பாட்டைப் போடறேன்… கேக்குதா?

கீழ்வீடு: … லேசா. ஒரு மாதிரி மொணமொணன்னு.

மேல்வீடு: இருங்க, எனக்கே செத்த மாதிரிதான் கேக்குது… பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கு, மாத்திப் பாக்கறேன். பெட்டி காத்தை வெளிய தள்ளும்போது ஸ்பீக்கர் உள்ள இழுத்தா, ஒன்னோட ஒன்னு மோதி ரெண்டும் அமுங்கிப்போயிடும்.

கீழ்வீடு: புருஷன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லுங்க.

மேல்வீடு: ஹாஹா… உங்க வீட்லயுமா டீச்சர்?

கீழ்வீடு: எங்களுக்கு யாரும் சுவிட்ச் வெச்சுத் தரல.

மேல்வீடு: … மாத்திட்டேன். இப்போ?

கீழ்வீடு: இப்போ தெளிவா இருக்கு. தும்… தும்னு.

மேல்வீடு: ஐயய்யோ. சரி, பதறாதீங்க. ஒரு கெட்டி ரப்பர் மேட் வாங்கி வெச்சிருக்கேன். பெட்டிக்கு அடியில போட்டா அதிர்வு தரைக்கு இறங்காது. இதோ… தூக்கி… வெச்சாச்சு. இப்போ சொல்லுங்க.

கீழ்வீடு: …

மேல்வீடு: டீச்சர்?

கீழ்வீடு: ஒன்னுமே கேக்கல.

மேல்வீடு: அப்பாடா! அவ்வளவுதான் டீச்சர், முடிஞ்சுபோச்சு!

கீழ்வீடு: அந்த மேட்டை எடுத்துடுங்களேன்.

மேல்வீடு: … எதுக்கு?

கீழ்வீடு: சும்மா. ஒப்பிட்டுப் பாக்கத்தான்.

மேல்வீடு: கேக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடுபட்டோம்?

கீழ்வீடு: கேள்வி கேக்காம எடுங்க தம்பி.

மேல்வீடு: உங்க கிளாஸ்ல படிச்சவங்க பாவம்… சரி, எடுத்துட்டேன்.

கீழ்வீடு: ம். இதுக்கு முன்னாடி… லெட்டர் எழுதினேனே, அந்த வாரம், பெட்டி எங்க இருந்துச்சு?

மேல்வீடு: ஜன்னலோரம் மூலையில. அது தப்பு டீச்சர், அப்போ எனக்குத் தெரியல. மூலையில வெச்சா ரெண்டு செவுரும் சேர்ந்து சத்தத்தைப் பெருக்கிடும். படத்துல குண்டு வெடிக்கும்போது நல்லா இருக்கும். பாட்டுக்கு அவ்வளவு தேவையில்ல, பாட்டுக்குக் கொறைச்சாத்தான் அழகு.

கீழ்வீடு: அந்த மூலைக்குத் தள்ளுங்க.

மேல்வீடு: நேரா உங்க படுக்கையறைக்கு மேல வருமே!

கீழ்வீடு: தெரியும்.

மேல்வீடு: உங்க வீட்டு சார் அங்கதானே படுத்திருக்கார்?

கீழ்வீடு: … அங்கதான் இருக்கார். நானும் பக்கத்துலதான் இருக்கேன். தள்ளுங்க.

மேல்வீடு: டீச்சர், எனக்கு ஒன்னும் புரியல. திரும்பவும் லெட்டர் எழுதுறதுக்கு ஆதாரம் சேக்கறீங்களா?

கீழ்வீடு: தம்பி… தயவுசெஞ்சு.

மேல்வீடு: … சரி, சரி. தள்றேன்… ம்ம்ப்… வெச்சுட்டேன். பாட்டை மொதல்லேர்ந்து போடறேன்.

கீழ்வீடு: …

மேல்வீடு: அதிகமா இருக்கா? கொறைக்கட்டா?

கீழ்வீடு: கொறைக்காதீங்க.

மேல்வீடு: டீச்சர், உங்க குரல் ஏன் ஒரு மாதிரி… லைன்ல இருக்கீங்களா?

கீழ்வீடு: இருக்கேன். ஓடட்டும்… அது என்ன, உங்க வீட்டு பெல்லா?

மேல்வீடு: ஆமா. சீக்கிரமே வந்துட்டார் போல.

கீழ்வீடு: யாரு?

மேல்வீடு: … உங்ககிட்ட சொல்லல. இந்தப் பெட்டியை வாங்க ஒருத்தர் வர்றதாச் சொல்லியிருந்தார். ஆறு மணி வேலை அதுதான்.

கீழ்வீடு: விக்கிறீங்களா? எதுக்கு?

மேல்வீடு: லெட்டர் வந்தப்போ கோவம்தான் வந்துச்சு. நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள்ள நின்னுட்டு வர்றவனுக்கு ஒரு பாட்டுக்கூடவா கூடாதுன்னு. அப்புறம்தான் வாட்ச்மேன் சொன்னார், கீழ ஒருத்தர் பக்கவாதம் வந்து பேச்சில்லாம, அசைவில்லாம படுத்திருக்கார்னு. குடிவந்து ஒரு மாசம், எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மனுஷன் தலைக்கு மேல உக்காந்து இடிச்சிருக்கேன்… மனசு கேக்கல டீச்சர். அன்னைக்கே விக்கிறதா விளம்பரம் குடுத்துட்டேன். இருங்க, கதவைத் தொறந்துட்டு…

கீழ்வீடு: தொறக்காதீங்க!

மேல்வீடு: … டீச்சர்?

கீழ்வீடு: குடுத்துடாதீங்க தம்பி. லெட்டரை நான் வாபஸ் வாங்கிக்கறேன். நாளைக்கே.

மேல்வீடு: என்ன ஆச்சு? அழறீங்களா?

கீழ்வீடு: அவருக்குப் பாட்டுன்னாலே ஆகாது. நாப்பது வருஷம். நான் அடுப்படியில முணுமுணுத்தாக்கூட, 'என்ன சத்தம் அங்க'ம்பார். அதனால, உங்க பெட்டி இடிக்க ஆரம்பிச்ச அன்னைக்கு அவர் கை வெடுக்கு வெடுக்குன்னு உதறினதும், பாவம், நிறுத்தச் சொல்றார்னு நினைச்சேன். வாய்விட்டுச் சொல்ல முடியலையே மனுஷனுக்கு. அவருக்குப் பதிலா நான் எழுதினேன்.

மேல்வீடு: நானும் நிறுத்திட்டேன்.

கீழ்வீடு: நீங்க நிறுத்தினீங்க. கையும் நின்னுபோச்சு. நேத்து பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு கேட்டா… 'போன வாரம் அசைஞ்ச விரல் ஏன்மா இப்போ அசையல, என்ன பண்ணீங்க'ன்னு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. உங்ககிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னு தெரியல. அதான் அளவு பாக்கறேன், அது இதுன்னு…

மேல்வீடு: டீச்சர்… இப்போ? இப்போ என்ன பண்றார்?

கீழ்வீடு: கட்டில் சட்டத்துல உங்க பாட்டு அதிருது. ஆள்காட்டி விரல்… தாளம் போடுது தம்பி. நான் எண்ணிப் பாத்துட்டேன். ஒரு அடிகூடத் தப்பல.

மேல்வீடு: … ஒரு நிமிஷம் டீச்சர்… சார், வாங்க… மன்னிச்சுக்குங்க சார், பெட்டி இல்ல. இல்ல சார், பாட்டு கேக்குது, எனக்கும் கேக்குது… இருக்கு, ஆனா விக்கிறதா இல்ல… உங்களை வீணா அலைய விட்டுட்டேன், தப்புதான் சார்… சரிங்க சார்… ஹலோ, டீச்சர்? போயிட்டார். எந்தக் கை டீச்சர்?

கீழ்வீடு: டாக்டருங்க இனிமே வராதுன்னு சொன்ன கை. பாட்டு முடியப்போகுது போலிருக்கு… சீக்கிரம் அடுத்ததைப் போடுங்க.