புகையும் திராட்சையும்

வேல்குமார்: இந்நேரத்துக்கே ஆரம்பிக்கணுமா மாப்ளே? வெயிலே இன்னும் எறங்கல.

பரணி: ஞாயித்துக்கிழமைதானுங்க மாமா. மெசினும் ஓடல, கம்பெனிக்கு யாரும் வரப்போறதுமில்ல. நம்மகிட்ட டீசர்ட் வாங்கற ஸ்காட்லாந்து பையர் குடுத்த ரண்டு பாட்டிலும் பீரோலயே கெடக்குது.

வேல்குமார்: அசதியா இருக்குதுங்க.

பரணி: எப்பவும் நீங்கதான் மோந்து மோந்து வித்தியாசம் சொல்லுவீங்க... இந்தாங்க. இது ஷெர்ரி ஒயின் பீப்பாய்ல ஊறுன விஸ்கி. அது சதுப்பு மண்ண எரிச்சுப் புகை போட்டது.

வேல்குமார்: ம்ம்... ஷெர்ரிதான். உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம்... கொஞ்சம் பட்டை வாசம்.

பரணி: புகை ஏதும் வருதுங்களா?

வேல்குமார்: துளி இல்ல.

பரணி: அடுத்தது?

வேல்குமார்: அப்பா... இதான் புகை. கரியடுப்புல தண்ணி ஊத்துனாப்புல. ஆஸ்பத்திரி டிஞ்சர் வாசங்கூட... எனக்கு மொதல்லதுதான் புடிக்குது.

பரணி: கிளாஸக் கீழ வைங்க மாமா.

வேல்குமார்: ஏனுங்க, என்னாச்சு?

பரணி: மாத்திச் சொன்னேனுங்க மாமா. நீங்க திராட்சைன்னு சொன்னதுதான் புகை. மூடியத் தொறந்தப்பவே ரூமெல்லாம் அந்த வாசம்.

வேல்குமார்: ...சளி புடிச்சிருக்குது.

பரணி: எந்நேரமும் சளிங்களா? போன வாரம் நிட்டிங் மெசின் மோட்டார் கருகி ஷெட்டே நாறுச்சு. அந்தக் கடைசில இருந்து மெசின் ஓட்டற இசக்கிமுத்து ஓடியாந்து சுவிட்ச அமுத்துறான். நீங்க மோட்டாரு பக்கத்துலயே நின்னு போன் பேசிட்டிருந்தீங்க.

வேல்குமார்: ஓ... அதுக்குத்தான் இன்னைக்குப் பாட்டிலா?

பரணி: நேரா கேட்டாச் சொல்லுவீங்களா?

வேல்குமார்: ...ஒரு வாசமும் தெரியறதில்ல மாப்ளே. முன்ன குடிச்சத நெனச்சுக்கிட்டு, நீங்க சொன்னத வெச்சு ஒப்பிச்சேன்.

பரணி: டாக்டர்கிட்டப் போனீங்களா?

வேல்குமார்: கோயமுத்தூர்ல பாத்துட்டேன். பார்க்கின்சன்னு சொல்றாங்க... நரம்பு நோவு. சில பேருக்கு மூக்குதான் மொதல்ல போவுமாம். அப்பறந்தான் கை நடுங்குமாம்.

பரணி: நடுங்குதுங்களா?

வேல்குமார்: வலது கை. பேண்ட் பாக்கெட்டுக்குள்ள உட்டுக்கறேன்... ஓடி ஓடிப் பழகிட்டு, இப்ப நின்னா போதும்னு இருக்குது.

பரணி: ஊட்ல சொல்ல வேண்டாமுங்களா?

வேல்குமார்: எதுக்கு? பாப்பா கல்யாணம் முடிஞ்சு இப்பத்தான் உங்க அக்கா கொஞ்சம் நிம்மதியாத் தூங்கறா. தூங்கட்டும். உங்க வாயில இருந்து வரக்கூடாது மாப்ளே.

பரணி: என்னைய அனுப்புனதே அக்காதானுங்க மாமா. நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு பட்டன் போட முடியாம தவிக்கறதப் பாத்திருக்குது. அதனாலதான் சட்டையெல்லாம் உள்ள வெச்சுட்டு, கொஞ்ச நாளா உங்களுக்கு ரவுண்ட் நெக் டீசர்ட்டாவே எடுத்து வெக்குது.